பணகுடியில் வேலை பார்க்கும் மகனுக்கு: குரூஸர் எடுக்கலாமா?

அன்புள்ள மகனுக்கு,

பல்சர் 150ஐக் கொடுத்துவிட்டு, தாழ உட்கார்ந்து காலை முன்னால் நீட்டி ஓட்டுகிற குரூஸர் ரகமான மீட்டியார் 350 எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். நல்ல வண்டிதான். ஆனால் இப்போது நீ பார்க்கிற காற்றாலை வேலைக்கு அது ஒத்துவராது என்று படுகிறது. காரணத்தை விளக்கமாகவே எழுதுகிறேன், எய்யா. படித்துவிட்டு நீயே முடிவெடு.

நாற்கரச் சாலையில் எந்த வண்டியும் சுகமாகத்தான் ஓடும். வாரத்தில் எந்தப் பத்து கிலோமீட்டர் உன்னைப் பாடாய்ப் படுத்துகிறதோ, அதை வைத்துத்தான் வண்டி ரகத்தைத் தீர்மானிக்க வேண்டும். உனக்கு அது மெயின் ரோட்டிலிருந்து காற்றாடிகளுக்குப் பிரிகிற செம்மண் தடம். குரூஸரில் ஃபுட்ரெஸ்ட் முன்னால் தள்ளி இருக்கும். பள்ளம் வந்தால் எழுந்து நிற்க வராது, விழுகிற அடியெல்லாம் இடுப்பெலும்புக்கே போகும். மீட்டியாரின் எடை 191 கிலோ, தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் இடைவெளி 170 மி.மீ. தான். இருக்கை உயரம் 765 மி.மீ. என்பதால் இரண்டு காலும் நன்றாக ஊன்றும், அது பெரிய வசதி. இருந்தாலும் மணலில் முன்சக்கரம் புதைந்து சாய்ந்துவிட்டால், ஆளில்லாத இடத்தில் அந்த எடையை ஒற்றை ஆளாக நிமிர்த்த வேண்டும்.

எந்த வண்டி எடுத்தாலும் நிமிர்த்தும் முறையைத் தெரிந்து வைத்துக்கொள். முதலில் எஞ்சினை அணை. வண்டி உருளாமல் இருக்க முதல் கியரில் போடு. வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே விரித்துவிடு. விழுந்த பக்கத்துக்கே ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்பு. சீட் ஓரத்தில் பிட்டத்தை முட்டுக்கொடுத்துக் குந்தி, ஒரு கையில் கீழே கிடக்கிற கைப்பிடி, மறு கையில் பின்பக்கக் கம்பி. பிறகு முதுகை வளைக்காமல் சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடந்து, தொடை பலத்தில் தூக்கு. முகத்தை வண்டிப் பக்கம் வைத்துக் குனிந்து தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

நீ போகிற செம்மண் தடத்துக்கு ஏற்றது எக்ஸ்பல்ஸ் 200 மாதிரி உயரமான ரகம். முன்னால் 21 அங்குலச் சக்கரம், 220 மி.மீ. இடைவெளி, எடையும் 160 கிலோவுக்குப் பக்கம்தான். ஃபுட்ரெஸ்ட் உடம்புக்கு நேர் கீழே இருப்பதால் எழுந்து நின்று ஓட்டலாம். ஆனால் அதிலும் தொல்லை உண்டு. இருக்கை 825 மி.மீ., பல்சரைவிட நான்கு செ.மீ. அதிகம். நிறுத்தும்போது சற்றே இடப்பக்கம் நகர்ந்து இடக்காலை மட்டும் ஊன்று, வலக்கால் பின்பிரேக்கிலேயே இருக்கட்டும். ஸ்போக் சக்கரத்தில் டியூப் டயர், பஞ்சரானால் வெளியிலிருந்து அடைக்க முடியாது. மாற்று டியூபும் டயர் லீவரும் கூடவே இருக்க வேண்டும். மணலுக்காகக் காற்றைக் குறைத்தாலும் 18 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போகாதே. ரிம்மில் டயர் நழுவி வால்வைப் பிய்த்துவிடும். ரோடு ஏறும் முன் திரும்பக் காற்றடித்துவிடு. அம்மா பின்னால் ஏறுவது சிரமம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பெரிய கவலை ஆடிக் காற்றுதான். ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து வருகிற மேற்குக் காற்று, வள்ளியூரைத் தாண்டித் தெற்கே போகும்போது உன் வலப்பக்கம் அடிக்கும், வண்டியை ரோட்டோரத்துக்குத் தள்ளும். நீ அதற்கு எதிராக வலப்பக்கம் சாய்ந்து ஓட்டிக்கொண்டிருப்பாய். அந்த நேரம் லாரி உன்னை வலப்பக்கம் முந்தினால் காற்று சட்டென்று மறைந்து, சாய்ந்திருக்கிற வண்டி லாரியை நோக்கியே இழுபடும். லாரி கடந்ததும் காற்று மறுபடி அறையும். கண்ணாடியில் லாரி தெரிந்த உடனே வேகத்தைக் குறைத்து, இடப்பக்கம் ஒதுங்கிப் போ. கையை இறுக்காதே. முழங்காலால் டேங்கை அணைத்துக்கொண்டு, நெஞ்சைக் கொஞ்சம் தாழ்த்து. ஹேண்டிலை உடும்புப்பிடியாகப் பிடித்தால் உன் உடம்பில் படுகிற காற்றெல்லாம் கை வழியாக முன்சக்கரத்துக்குப் போய்விடும். உயரமான வண்டியில் மேலே தூக்கி நிற்கிற முன் மட்கார்டும் காற்றை வாங்கும், அதனால் அந்த மாதங்களில் மெயின் ரோட்டில் இன்னும் நிதானம் வேண்டும். இந்த ஓர் இடத்தில் மட்டும் தாழ்ந்து கனத்த மீட்டியாருக்கே என் ஓட்டு.

செலவைப் பொறுத்தவரை, 2022இல் வைத்த விகிதப்படி மூன்றாம் நபர் காப்பீடு ஆண்டுக்கு 75 சி.சி.க்கு மேல் 150 வரை 714 ரூபாய், 350 வரை 1,366, அதற்கு மேல் 2,804, வரி தனி. மீட்டியாரும் எக்ஸ்பல்ஸும் நடு அடுக்கில் வரும். ஹிமாலயன் 450 ஆசை வந்தால் மேல் அடுக்குக்குப் போய்விடும்.

பழைய வண்டி பார்ப்பதென்றால் நீ வரும்வரை ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல். சைலன்சரைத் தொட்டுப் பார், சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கச் செய்து ஹேண்டிலை மெல்லத் திருப்பு, நேர்நிலையில் கட்டென்று நின்றால், ஹேண்டில் திரும்புகிற பேரிங்கான கோன்செட் போய்விட்டது. பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்கோடியில் செயினை இழுத்துப் பார், பல் பாதி தெரிந்தால் செயின் செட்டே மாற்ற வேண்டும். முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று விரலால் துடைத்துப் பார். செம்மண்ணில் ஓடிய வண்டியில், பின்சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்மின் புஷ் சீக்கிரம் தேயும், பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் தெரிந்துவிடும். டயரில் நான்கு எண் இருக்கும், 3221 என்றால் 2021ஆம் ஆண்டு 32ஆவது வாரம் செய்தது. ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால், பணம் கொடுக்கும் முன் கடன் தீர்ந்ததற்கான ஃபைனான்ஸ் என்.ஓ.சி.யும், கடன் பதிவை நீக்குகிற படிவம் 35ம் கைக்கு வரட்டும்.

வேலை ஊருக்குள் மாறுகிற வாய்ப்பு இருக்கிறதா என்று மட்டும் எனக்கு எழுது. ஒரு வருஷத்துக்குள் பாளையங்கோட்டை ஆபீசுக்கு வந்துவிடுவாய் என்றால் மீட்டியாரே எடு. அதுவரை பல்சருக்கு மண் ரோட்டுக்கு ஆகிற கட்டைப் பல் டயர் மாற்றி, பின் ஷாக்கை ஒரு படி இறுக்கி ஓட்டு. சனிக்கிழமை யார் வண்டியாவது பார்க்கப் போனால், செயினையும் டயர் எண்ணையும் போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா