கோடை முழுவதும் உடன் வாசித்த தோழியருக்கு

அன்புள்ள தோழியருக்கு,

வணக்கம். நம் கோடை வாசிப்பு முடிந்துவிட்டது. கடைசிக் கூடுகையில் எல்லோரும் ஒரே நேரத்தில் விடைபெற்றதில், சொல்ல நினைத்த நன்றிகளில் பாதியைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். பால்புதுமை (குயர்) பெண்களின் வாசிப்புக் குழு ஒன்று இணையத்தில் யாருடைய உழைப்பால் நடக்கிறது என்பது மற்றவர்களுக்கும் தெரியட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன். யாருடைய பெயரும் இதில் இல்லை. நம்மில் பலர் வீட்டிலும் வேலையிடத்திலும் தங்களைப் பற்றி இன்னும் சொல்லாதவர்கள். செய்ததைச் சொன்னாலே செய்தவருக்குத் தெரிந்துவிடும்.

முதல் நன்றி, பட்டியலைத் தொகுத்த அக்காவுக்கு. கோடைக்கு என்ன படிக்கலாம் என்று கேட்டதும் ஆளாளுக்கு நினைவில் இருந்த தலைப்புகளை அள்ளிக் கொட்டினோம். சிலவற்றுக்கு ஆசிரியர் பெயர் தெரியாது, சில அச்சிலேயே இல்லை. அக்கா ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து, எது நூலகத்தில் கிடைக்கும், எது மின்னூலாக உண்டு, எதற்கு ஒலிநூல் இருக்கிறது, எதைப் பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்று குறிப்பு எழுதித் தந்தார். இந்த வேலைக்கு ஒரு பரம்பரை இருக்கிறது. ஜீனெட் ஹோவர்ட் ஃபாஸ்டர் என்ற அமெரிக்க நூலகர், பெண்களை நேசித்த பெண்கள் இலக்கியத்தில் எங்கெல்லாம் தென்படுகிறார்கள் என்று பல ஆண்டுகள் நூலகம் நூலகமாகத் தேடினார். அந்த ஆய்வை 1956இல் தன் சொந்தச் செலவில் அச்சிட்டார். அதே ஆண்டில் தொடங்கி 1972 வரை வெளிவந்த, பெண்களை நேசிக்கும் பெண்களுக்கான 'தி லேடர்' என்ற அமெரிக்க இதழில், பார்பரா கிரியர் 'ஜீன் டேமன்' என்ற புனைபெயரில் நூல் அறிமுகங்கள் எழுதிவந்தார். தபாலில் வந்த அந்த இதழைப் பார்த்து, அடுத்து எதைப் படிப்பது என்று குறித்துக்கொண்ட பெண்கள் அன்று இருந்தார்கள். நம் அக்காவின் பட்டியலை அந்த வரிசையில்தான் வைக்கிறேன். இது மிகையே இல்லை.

அடுத்தது, முதல் கூடுகையிலேயே அந்தக் கேள்வியைக் கேட்ட தோழிக்கு. கதையில் காதலிக்கும் இரண்டு பெண்களைப் பற்றி, "இருவரும் கடைசிவரை உயிரோடு இருக்கிறார்களா?" என்று கேட்டார். முடிவைச் சொல்லிவிட்டால் வாசிப்பின் சுவையே போய்விடும் என்று சிலர் மறுத்தார்கள். அவர் பொறுமையாக விளக்கினார். பதின்வயதில் தேடித்தேடிப் படித்த கதைகளில் எல்லாம் ஒருத்தி இறந்துபோனாள், அல்லது மனநல மருத்துவமனைக்குப் போனாள், அல்லது ஓர் ஆணை மணந்துகொண்டு 'சரியாகிவிட்டாள்'. அதன் பிறகு நாவல் படிப்பதையே நீண்டகாலம் விட்டிருந்தாராம். அவர் பேசி முடித்தபோது, எனக்கும் அப்படித்தான் என்று வரிசையாகச் செய்திகள் வந்து விழுந்ததை நீங்கள் பார்த்தீர்கள்.

அந்த முடிவுகள் பலவற்றை எழுத்தாளர்கள் விரும்பி எழுதவில்லை. அமெரிக்க எழுத்தாளர் மரிஜேன் மீக்கர் 1952இல் 'வின் பேக்கர்' என்ற புனைபெயரில் எழுதிய 'ஸ்பிரிங் ஃபயர்' நாவலுக்கு, முடிவு மகிழ்ச்சியாக இருக்கக்கூடாது என்று பதிப்பகம் நிபந்தனை விதித்தது. மகிழ்ச்சியாக முடிந்தால் தபால் துறை நூல்களைப் பறிமுதல் செய்துவிடும் என்பது அவர்களின் பயம். அதே 1952இல்தான் பட்ரீசியா ஹைஸ்மித் 'கிளேர் மோர்கன்' என்ற பெயருக்குப் பின்னால் நின்று 'தி பிரைஸ் ஆஃப் சால்ட்' நாவலை வெளியிட்டார். அதில் இரண்டு பெண்களில் யாரும் சாகவில்லை, யாரும் மனம் திருந்தவும் இல்லை. அடுத்த ஆண்டு மலிவுப் பதிப்பு வந்ததும் வாசகர்களின் கடிதங்கள் மாதக்கணக்கில் குவிந்தன. அதற்குத் தன் பெயரைப் போட்டுக்கொள்ள ஹைஸ்மித்துக்கு 1990ஆம் ஆண்டு வரை ஆனது. இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு, நம் தோழி கேட்டதைப் பலவீனம் என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்தச் சிக்கலுக்கு வழி கண்டுபிடித்தவருக்கும் இங்கேயே நன்றி சொல்லிவிடுகிறேன். நம் எல்லோருக்கும் முன்னதாகவே ஒவ்வொரு நூலையும் கடைசிப் பக்கம் வரை படித்து, யார் தனியாகக் கேட்டாலும் முடிவைச் சொல்ல அவர் தயாராக இருந்தார். கேட்காதவர்களிடம் ஒரு சொல் கசியவில்லை. சாவு, வன்முறை, குழந்தைகளுக்கு நேரும் தொல்லை ஆகியவை எந்த அத்தியாயத்தில் வருகின்றன என்ற குறிப்பும் அவரிடம் இருந்தது. புதிய நூலை ஆசையோடு திறக்க வேண்டியவர், எல்லா நூலையும் நமக்காக முன்கூட்டியே காவல் காத்துப் படித்தார். கோடை முழுவதும் அவர் விட்டுக்கொடுத்தது சாதாரணமானதல்ல.

அந்தக் குறிப்பு எவ்வளவு தேவை என்பது உருது எழுத்தாளர் இஸ்மத் சுக்தாயின் 'லிஹாஃப்' சிறுகதையை எடுத்தபோது எல்லோருக்கும் புரிந்தது. 1942இல் வெளியான கதை. ஆபாசம் என்று லாகூர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள், சுக்தாய் வென்றார். அந்தத் துணிச்சலைக் கொண்டாடும் எண்ணத்தோடுதான் நம்மில் பலர் வந்திருந்தோம். ஆனால் அந்தக் கதையைச் சொல்பவள், தான் சிறுமியாக இருந்தபோது நடந்ததைச் சொல்கிறாள். கணவனின் புறக்கணிப்பில் வாடி, பணிப்பெண்ணிடம் ஆறுதல் காணும் பேகம், அந்தப் பணிப்பெண் ஊரில் இல்லாத நேரத்தில் அந்தச் சிறுமியைத் தொடுகிறாள். அதைக் கடந்து கொண்டாட முடியாது என்றார்கள் சிலர். வரலாற்றில் அதன் இடத்தை மறுக்கவும் முடியாது என்றார்கள் சிலர். என்னைக் கேட்டால் இரண்டும் உண்மை, ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மூடக்கூடாது. குரல் உயராமல் அந்த விவாதத்தை நடத்திச் சென்றவருக்கு நன்றி. உருது மூலத்தை வாசித்து, பத்தி பத்தியாக நிறுத்தி அங்கேயே பொருள் சொன்ன தோழிக்கும் நன்றி. சுக்தாயின் வேகமும் குறும்பும் அவர் வாசிப்பில்தான் எனக்குக் கேட்டன.

பின்லாந்து எழுத்தாளர் டூவே யான்சனின் 'தி சம்மர் புக்' நூலை முன்மொழிந்து, எதிர்ப்புக்கு இடையிலும் விடாமல் நின்றவரைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு பாட்டி, ஒரு சிறுமி, பின்லாந்து வளைகுடாவில் ஒரு தீவு. இதில் காதலே இல்லையே, இது நம் பட்டியலில் எதற்கு என்று கேட்டோம். "தன் காதலைத் தவிர வேறு எதையும் எழுத நம் எழுத்தாளருக்கு உரிமை இல்லையா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. யான்சன் தன் துணைவி டூலிக்கி பியெட்டிலாவுடன் சிறு தீவு ஒன்றில் 25க்கும் மேற்பட்ட கோடைகளைக் கழித்தவர். அங்கே அவர்கள் வீடு கட்டிக்கொண்ட காலத்தில் பின்லாந்தின் சட்டம் அவர்களின் உறவைக் குற்றமாகத்தான் கருதியது. 1971இல்தான் அந்தச் சட்டம் போனது. யான்சனின் தாய் 1970இல் இறந்தார், நூல் 1972இல் வந்தது. அதில் சிறுமியின் தாய் இறந்துபோன செய்தி ஒரே ஒரு வாக்கியத்தில் வந்து போகிறது. அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு, அண்மையில் தாயை இழந்த ஒருவர் அன்று பேசினார். அம்மாவிடம் தன்னைப் பற்றிச் சொல்லாமலே போனதைச் சொன்னார். அந்தக் கூடுகையில் அதற்கு மேல் நூலைப் பற்றிப் பேசவில்லை. நேரம் முடிந்த பிறகும் அவரோடு இருந்தவர்களுக்கு நன்றி.

யான்சனின் 'ஃபேர் பிளே' பட்டியலில் இல்லாமலே உள்ளே வந்தது. அது 1989இல் வெளியானது. ஒரே கட்டடத்தின் இரு முனைகளில் வசிக்கும் இரண்டு பெண்கள், ஒருத்தி எழுத்தாளர், ஒருத்தி ஓவியர். நடுவே பரண் வழியாக ஒரு நடைபாதை. அதைச் சொன்னதும், எப்போதும் கேமராவை அணைத்தே வைத்திருக்கும் இரண்டு மூத்த பெண்கள் முதல்முறையாகப் பேச முன்வந்தார்கள். எத்தனையோ ஆண்டுகளாக ஒன்றாக வாழ்பவர்கள். யார் முதலில் எழுவது, வேலை நேரத்தில் கதவைத் தட்டலாமா, ஒருவர் நோயில் விழுந்தால் மருத்துவமனையில் என்ன உறவு என்று சொல்வது என அவர்கள் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போனார்கள். இருபதுகளில் இருக்கும் தங்கைகள் மூச்சுவிடாமல் கேட்டார்கள். இரண்டு பெண்கள் சேர்ந்து முதுமை அடைவதை நாங்கள் நூல்களில்கூட அரிதாகவே பார்த்திருக்கிறோம். அம்மா இருவருக்கும் என் வணக்கம். நீங்கள் பேசியது எங்களுக்கு எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியாது.

இன்னும் சிலர். அச்சு நூலைப் படிக்க இயலாத தோழிக்காக, ஒலிநூல் இல்லாத பகுதிகளைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டியவர். செவித்திறன் குறைந்தவருக்காக, பேசுவதை அப்படியே தட்டச்சு செய்துகொண்டிருந்த இருவர். கூடுகைகளைப் பதிவு செய்யக்கூடாது, எந்தப் பெயரில் வந்தாலும் கேள்வி கேட்கக்கூடாது என்ற விதிகளில் கண்டிப்பாக நின்றவர். திருநங்கைத் தோழி ஒருவரிடம் புதிதாக வந்தவர் தகாத கேள்வி கேட்டபோது, தோழியே பதில் சொல்ல வேண்டிய நிலை வராமல் குறுக்கிட்டவரும் அவர்தான். உலகின் தென்பாதியில் இருந்துகொண்டு, நம் கோடைக்காகத் தன் குளிர்காலத்தின் விடிகாலையில் எழுந்து வந்தவர். எல்லோருக்கும் நன்றி.

ஒருமுறைகூட வாய் திறக்காமல் எல்லாக் கூடுகைக்கும் வந்தவர்களுக்கும் நன்றி. நீங்கள் வாசிப்பது எங்களுக்குத் தெரிகிறது. பேசியே ஆக வேண்டும் என்று யாரும் உங்களைக் கேட்கப்போவதில்லை.

ஒரு வேண்டுகோள். கைமாறிக்கொண்டிருக்கும் அச்சுப் பிரதிகளை வைத்திருப்பவர்கள், படித்து முடித்ததும் வரிசையில் அடுத்தவருக்கு அனுப்பிவிடுங்கள். ஓரங்களில் எழுதிய குறிப்புகளை அழிக்க வேண்டாம், பெயர் மட்டும் இருந்தால் அடித்துவிடுங்கள். வீட்டு முகவரி தர முடியாதவர்கள் பட்டியலைத் தொகுத்த அக்காவிடம் சொன்னால் போதும், வேறு வழியில் நூல் வந்து சேர ஏற்பாடு செய்துதருவார்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்களோடு வாசித்தவள்