மூலையில் வரும் புள்ளி

கோபி,
பிப்ரவரி 2025

அன்புள்ள அம்மணிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது மூன்று நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. "முப்பது டாலர் தண்டம்ப்பா. ஒரு ஸ்டூல் மேல சைக்கிள் சக்கரத்தை நட்டு வெச்சிருக்காங்க. இன்னொரு ரூம்ல படம் பூராவும் கடிகாரமா வருது. பத்து நிமிஷம் நின்னேன், வந்துட்டேன்." பக்கத்தில் இருந்த அம்மா, "அந்தக் காசுக்கு இங்க ஒரு சிப்பம் அரிசி வாங்கலாமே" என்றாள். நானும் ஆமாம் போட்டேன். போனை வைத்த பிறகுதான் வயிறு எரிய ஆரம்பித்தது. காசுக்காக இல்லை. நான் பார்க்க ஆசைப்பட்ட இரண்டு சாமான்கள் நியூயார்க்கில் நவீன கலை மியூசியம் என்று ஒரே கட்டிடத்தில் இருக்கின்றன. என் மகள் அதற்குள் போய்விட்டுப் பத்தே நிமிஷத்தில் வெளியே வந்திருக்கிறாள்.

போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். சாவகாசமாகப் படி.

முதலில் அந்தச் சக்கரம். அதை வைத்தவர் மார்செல் துஷாம் என்ற பிரெஞ்சுக் கலைஞர். 1913ல் பாரிஸில் தன் அறையில் சமையல்கட்டு ஸ்டூல் மேல் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தலைகீழாக மாட்டினார். கண்காட்சிக்கென்று செய்ததில்லை. அவ்வப்போது சுற்றிவிட்டு, அடுப்பில் எரியும் நெருப்பைப் பார்ப்பதுபோல உட்கார்ந்து பார்ப்பாராம். அந்த முதல் சக்கரம் தொலைந்துபோயிற்று. நீ பார்த்தது 1951ல் அவரே மறுபடி செய்தது.

இதில் என்ன இருக்கிறது என்கிறாய். பஞ்சர் கடையில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுப் பெடலைச் சுற்றிவிட்டு, கம்பிகள் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துபோவதை நீ எத்தனை நாள் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாய். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று நான் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறேன். அதே சக்கரம்தான் இது. என்ன, இங்கே இழுத்துப் போக ஆள் இல்லை.

"சாமானைக் கண்ணாடிப் பெட்டியில வெச்சா அது கலையாகிடுமா?" என்று கேட்டாயே, அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. நம் ஊர்ப்பக்கம் இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. சிவன்மலை ஞாபகம் இருக்கிறதா? காங்கயத்துக்குப் பக்கத்தில், உனக்கு மொட்டை அடித்த கோயில். அங்கே ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. யாரோ ஒரு பக்தர் கனவில் முருகன் வந்து இன்ன பொருளை வை என்று சொல்வார். அவர் கோயிலில் வந்து சொல்ல, சாமியிடம் பூக் கேட்பார்கள். பூ சரியாக விழுந்தால் அந்தப் பொருள் பெட்டிக்குள் போகும். அடுத்து ஒருவர் கனவில் வேறொரு பொருள் வரும் வரை அதுதான் இருக்கும். இத்தனை நாள் என்று கணக்கு எதுவும் கிடையாது. மண் வைத்திருக்கிறார்கள், தண்ணீர் வைத்திருக்கிறார்கள், மஞ்சள், சைக்கிள்கூட வைத்திருக்கிறார்கள். நாம் போன அன்று உள்ளே என்ன இருந்தது என்பதில் எனக்கும் அம்மாவுக்கும் இன்னும் சண்டை. நான் மண் என்கிறேன், அவள் தண்ணீர் என்கிறாள். நீ சொன்னது மட்டும் இரண்டு பேருக்கும் மறக்கவில்லை: "இது நம்ம ஊட்லயே இருக்குதே, எதுக்கு இவ்வளவு தூரம் வந்தோம்?"

உத்தரவுப் பெட்டியில் மஞ்சள் வந்தால் விலை ஏறுமா இறங்குமா என்று ஜனங்கள் பேசுவார்கள். அது அவரவர் நம்பிக்கை. எனக்கு வேண்டியது வேறு. தினமும் கையில் புழங்கும் ஒரு சாமானைக் கண்ணாடிக்குள் வைத்ததும், மலையேறி வந்தவன் அதன் முன்னால் ஒரு நிமிஷம் நிற்கிறான். மஞ்சள் மண்டிக்காரனே நின்று மஞ்சளைப் பார்க்கிறான். துஷாமின் சக்கரத்தை முதன்முதலில் ஒரு புத்தகத்தில் பார்த்தபோது எனக்குச் சிவன்மலைதான் நினைவுக்கு வந்தது.

உன் அப்பன் தியேட்டர் ஆபரேட்டர், அவனுக்கு எதற்கு இந்த நவீன கலை என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். நான் போய்த் தேடியது இல்லை, அது தானாக வந்தது. 2015 ஜனவரியில் உன் பெரியம்மா மகன் கொச்சியில் வீடு பால் காய்ச்சினான், நீ பரீட்சை என்று வரவில்லை. மறுநாள் ஃபோர்ட் கொச்சி போனோம். ஆஸ்பின்வால் ஹவுஸ் என்று கடலோரத்தில் பழைய கிடங்கு மாதிரி ஒரு கட்டிடம். வாசலில் வரிசை. முப்பத்தொரு வருஷம் தியேட்டரில் இருந்தவனுக்குத் தெரியும், ஜனங்கள் வரிசையில் நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. என்ன என்று கேட்காமலே நின்றுவிட்டேன். அது கொச்சி பினாலே என்ற நவீன கலைக் கண்காட்சி. 2012ல் ஆரம்பித்து இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடத்துகிறார்கள். நாங்கள் போனது இரண்டாவது.

ஓர் அறை. தரையில் வட்டமாக ஒரு பள்ளம், சுற்றிலும் தடுப்பு. உள்ளே கறுப்புத் தண்ணீர் சுழன்று சுழன்று நடுவில் குழிந்து கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது. அனிஷ் கபூர் என்ற சிற்பி செய்தது. அடியில் மோட்டார் உறுமும் சத்தம் காலில் ஏறுகிறது. எல்லாரும் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். அம்மா மட்டும் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "ஏனுங், மோட்டார நிறுத்தச் சொல்லுங். கெணறு வத்திப்போச்சாட்ட இருக்குது" என்றாள்.

நான் சிரித்தேன், ஆனால் அவள் சொன்னது சரி. நம் மேட்டுக்காட்டுக் கிணற்றில் தண்ணீர் இறங்கி, குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட்வால்வுக்கு மேலே ஒரு முழம் மட்டும் நிற்கும்போது இதே மாதிரிதான் சுழி விழும். குழாய் காற்றை இழுத்துக் கொர்ரென்று சத்தம் போடும். ஓடிப்போய் சுவிட்சை அமுக்க வேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் போய்விடும். எனக்குத் தெரிந்து கொங்கு நாட்டில் கிணறு வைத்திருக்கும் எல்லாருக்கும் அந்தச் சுழியைப் பார்த்தால் அடிவயிறு கலங்கும். அங்கே நின்ற மற்றவர்களைவிட நாங்கள் இரண்டு பேரும் அதை நன்றாகப் பார்த்தோம் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

அடுத்த தடவை நாங்களாகவே கிளம்பிப் போனோம். 2016ல் ஐப்பசி கார்த்திகை மழை பொய்த்து, தென்னை மட்டை தொங்கிக் கிடந்த வருஷம். அதே கட்டிடத்தில் ஒரு நீண்ட கிடங்கு முழுக்கக் கடல் தண்ணீரை விட்டு வைத்திருந்தார்கள். ரவுல் சூரிதா என்று சிலி நாட்டுக் கவிஞர் செய்தது. செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் தண்ணீரில் கடைசிச் சுவர் வரை நடந்து போக வேண்டும். அகதிப் படகு கவிழ்ந்து கரை ஒதுங்கிய சிரியாக் குழந்தையின் போட்டோ உலகமெல்லாம் வந்ததே, அந்தக் குழந்தைக்கு ஓர் அண்ணன் இருந்தான், காலிப். அவனும் அதே படகில் போனவன்தான். அவனுடைய படம் அப்படி எங்கேயும் வரவில்லை. இந்தத் தண்ணீர் அவனுக்காக. அம்மா சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது ஒன்றும் பேசவில்லை. பாலக்காடு தாண்டும்போது, "ஊர்ல ஒரு கொடம் தண்ணி இல்ல, அங்க ஒரு ரூம் நெறைய உப்புத் தண்ணி" என்றாள். அவ்வளவுதான்.

எல்லாம் இப்படி என்று நினைத்துவிடாதே. பாதிக்கு மேல் எனக்கு ஒட்டவில்லை. சிலதில் சுவரில் ஒட்டியிருந்த விளக்கக் காகிதம்தான் சாமானைவிடப் பெரியது. அப்படிப்பட்டதை நானும் நின்று பார்க்கமாட்டேன். நம் கோயமுத்தூர் உக்கடத்தில் குடியிருப்புக் கட்டிடச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியம் வரைந்திருக்கிறார்கள், அடுத்த தடவை வரும்போது பார்க்கலாம். மாடியில் காயப்போட்டிருக்கும் பாவாடை ஒன்று படத்தின் மூக்கில் வந்து ஆடும். எனக்கு அதுதான் பிடித்தது.

சரி, கடிகாரப் படத்துக்கு வருகிறேன். இதுதான் முக்கியம்.

கிறிஸ்டியன் மார்க்லே என்பவர் செய்தது. 24 மணி நேரம் ஓடும். ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து கடிகாரம் தெரியும் துண்டு, யாராவது மணி சொல்லும் துண்டு, இவற்றை மட்டும் வெட்டி எடுத்து ஒட்டியிருக்கிறார். திரையில் 3.10 என்றால் உன் கைக்கடிகாரத்திலும் 3.10தான். உதவிக்கு ஆட்களை வைத்துக்கொண்டு மூன்று வருஷம் படம் படமாகப் பார்த்துக் கடிகாரம் தேடினாராம். 2011ல் வெனிஸ் பினாலேயில் தங்கச் சிங்கம் விருது கொடுத்தார்கள். இதையெல்லாம் படித்துவிட்டு நான் முதலில் நினைத்தது, இந்த மனுஷன் ஆபரேட்டராக இருந்திருக்க வேண்டும் என்று.

ஏனென்றால் படம் ஓட்டும் கேபினுக்குள் நாங்கள் கடிகாரம் பார்த்ததே இல்லை. ஒரு ரீல் 1000 அடி, 11 நிமிஷம். இரண்டை ஒட்டி ஒரு ஸ்பூலாக, அதாவது ஒரே சுருளாக, ஏற்றுவோம். மெஷின் இரண்டு; ஒன்றில் ஸ்பூல் முடியும்போது மற்றதில் அடுத்தது ஓட ஆரம்பிக்க வேண்டும். ஃபர்ஸ்ட் ஷோவில் இடைவேளை முடிந்து ஒன்பதாவது ரீல் ஓட ஆரம்பித்தால் மணி எட்டேகால், கீழே டீக்கடைக்காரர் அதைக் கேட்டுத்தான் பாலை இறக்குவார். ஸ்பூல் முடிய எட்டு நொடி இருக்கும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வந்துபோகும். அப்போது அடுத்த மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். கடைசி நொடியில் இன்னொரு புள்ளி, உடனே இந்தப் பக்கம் மூடி அந்தப் பக்கம் திறக்க வேண்டும். ஃபிலிமில் ஒவ்வொரு படமும் ஒரு கட்டம். புள்ளி நாலே கட்டம்தான், நொடியில் ஆறில் ஒரு பங்கு. சில பிரிண்டில் முன்னால் ஓட்டிய ஆள் ஆணியால் கீறியே வைத்திருப்பான். ஹாலில் உட்கார்ந்திருக்கும் எண்ணூறு பேரும் கதாநாயகியைப் பார்ப்பார்கள், நான் மட்டும் மூலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதனால்தான் எந்தப் படத்திலும் எனக்குக் கதை சரியாகத் தெரியாது. பின்னால் மாட்டியிருக்கும் காலண்டரில் என்ன தேதி என்று கேள், சொல்வேன்.

ஒருநாள் காய்ச்சலோடு ஓட்டியதில் ஸ்பூலை மாற்றி ஏற்றிவிட்டேன். கதாநாயகனுக்குக் கொள்ளி வைத்து முடித்தவுடன் அவன் ஊட்டியில் டூயட் பாடினான். விசில் பறந்தது. முதலாளி என் அரை நாள் சம்பளத்தைப் பிடித்தார். மறுநாள் ஒரு பெரியவர் டிக்கெட் கவுன்ட்டரில் வந்து, "நேத்து மாதிரியே போடுவீங்களா, எம்பட சம்சாரத்தையும் கூட்டிக்கிட்டு வந்திருக்கறேன்" என்று கேட்டாராம். செத்தவன் எழுந்து பாடுவது அவருக்குப் பிடித்துப்போயிருக்கிறது. மார்க்லே அதைத்தானே செய்கிறார்! ஒரு படத்தில் ஒருவன் கதவைத் திறக்கிறான், வேறொரு படத்தில் வேறொருவன் உள்ளே வருகிறான்.

இன்னொன்றும் சொல்கிறேன், இதை உனக்குச் சின்ன வயதில் சொன்னேனா தெரியவில்லை. ஃபிலிமில் நொடிக்கு 24 கட்டம். ஒரு கட்டம் இறங்கி அடுத்தது வந்து நிற்கும் வரை ஷட்டர் இறக்கை வெளிச்சத்தை மறைத்துவிடும்; கட்டம் நிற்கும்போதும் நடுவில் ஒருமுறை மறைக்கும். அப்படிக் கூட்டினால் இரண்டரை மணி நேரப் படத்தில் ஏறத்தாழப் பாதி நேரம் திரை இருட்டாகத்தான் கிடக்கிறது. யாரும் கேட்டதில்லை, பாதிக் காசைத் திருப்பிக் கொடு என்று.

கோயமுத்தூர் வெரைட்டி ஹால் ரோடு தெரியுமல்லவா, உனக்குக் கல்லூரிக்குப் போக ஷூ வாங்கினோமே. அந்தப் பெயர் சாமிக்கண்ணு வின்சென்ட் கட்டிய தியேட்டரால் வந்தது. ரயில்வேயில் வரைபடம் போடும் வேலையில் இருந்தவர். 1905ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் மெஷினையும் ஃபிலிமையும் விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார். 1914ல் வெரைட்டி ஹால். துஷாம் பாரிஸில் சக்கரத்தைச் சுற்றிவிட்டதற்கு அடுத்த வருஷம். இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரு டீ வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

நம் தியேட்டரில் ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்த அன்று என் இரண்டு மெஷினையும் எடை போட்டு எடுத்துப்போனார்கள். இப்போது அந்த இடம் கல்யாண மண்டபம். போன வாரம் ஒரு சீருக்குப் போனேன். கேபின் இருந்த இடத்தில் ஏசி வைத்திருக்கிறார்கள்.

அதனால் ஒன்று கேட்கிறேன். இன்னொரு முப்பது டாலர் செலவு பண்ணு, அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம். பதினொன்றரைக்குப் போய் சோபாவில் உட்கார். இங்கே அப்போது ராத்திரி பத்து மணி, செகண்ட் ஷோ தொடங்கும் நேரம். நானும் தூங்காமல் இருப்பேன். இரண்டேகால் வரைக்கும் இரு, இங்கே ராத்திரி பன்னிரண்டே முக்கால், ஜனங்கள் வெளியே வரும் நேரம். புரிய வேண்டாம். நடுவில் பசித்தால் எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வா. போன தடவை அனுப்பிய கச்சாயம் மிச்சம் இருந்தால் பையில் போட்டுக்கொள், உள்ளே விடுகிறார்களோ என்னவோ.

பார்க்கும்போது வலது மேல் மூலையில் ஒரு கண் வைத்திரு. அத்தனை பழைய படங்களில் எந்தப் பிரிண்டிலாவது அந்தப் புள்ளி வெட்டுப்படாமல் தப்பியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. கண்ணில் பட்டால் மணி என்ன என்று குறித்து வாட்ஸப்பில் அனுப்பு.

அன்புடன்,
அப்பா