பாரில் மாட்டிய நங்கூரத்தை எஞ்சின் போட்டு இழுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தடைக்காலம், டீசல் மானியம், எல்லைப் பிரச்சினை என்று மீனவர் செய்திகள் பத்திரிகையில் வராத வாரம் இல்லை. பைபர் படகில் தூண்டில் தொழிலுக்குப் போகிறவர்களின் உயிரோடு சம்பந்தப்பட்ட இன்னொரு விஷயம் மட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை. பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், மாட்டிக்கொண்ட நங்கூரத்தை எப்படி எடுப்பது என்பதுதான் அது.

மீன் பாரில்தான் நிற்கும், அதனால் நங்கூரமும் அங்கேதான் விழுகிறது. பாறை இடுக்கு போதாதென்று, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் வழிகாட்டுதலில் மீன்வளத் துறை பல ஊர்களுக்கு எதிரே கான்கிரீட் வளையங்களைக் கொண்டு செயற்கைப் பார்களை இறக்கியிருக்கிறது. நல்ல திட்டம், தூண்டில்காரனுக்கு அது பெரிய உதவி. ஆனால் அந்த வளையத்துக்குள் நங்கூரக் கொக்கி ஒருமுறை நுழைந்துவிட்டால் மேலே இருந்து எவ்வளவு இழுத்தாலும் இன்னும் இறுகுமே தவிர வராது.

அப்போது நம் ஆட்கள் செய்வது என்ன? கயிற்றைப் படகின் பின்பக்கம் கட்டி எஞ்சினை முறுக்குகிறார்கள். பின்பக்கம் ஏற்கெனவே எஞ்சின் பாரத்தில் தாழ்ந்து கிடக்கிறது, கயிறும் சேர்ந்து கீழே இழுக்கும்போது ஒரு அலை பின்னால் வந்தால் தண்ணீர் நேராக உள்ளே ஏறும், இரண்டாவது அலைக்குப் படகு தாங்காது. கயிறு அறுந்தாலும் ஆபத்துதான். நைலான் கயிறு இழுபட்டு நீண்டு அறுந்து திரும்பி வந்தால் கண்ணையே எடுத்துவிடும். இது எதுவும் வேண்டாம் என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டே மூழ்கிப் போய்க் கழற்றப் பார்க்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். நீவாடு என்னும் நீரோட்டம் ஓடும் நேரத்தில் அதைவிட மோசமான வேலை கிடையாது.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. வேறு நாடுகளில் சின்னப் படகு வைத்திருப்பவர்கள் வெகுகாலமாகச் செய்வதுதான். வழக்கமாக நாம் சங்கிலியை நங்கூரத்தின் மேல் வளையத்தில் மாட்டுவோம். அப்படிச் செய்யாமல், கொக்கிகள் பிரிகிற அடிப்பக்கத்தில் ஒரு வளையம் வெல்டிங் வைத்து, சங்கிலியை ஷாக்கிள் (ஆணி போட்டுப் பூட்டும் இரும்புக் கொளுவி) போட்டு அங்கே மாட்ட வேண்டும். பிறகு சங்கிலியை நங்கூரத்தின் தண்டு வழியாக மேலே கொண்டுவந்து, மேல் வளையத்தோடு அறுந்துபோகக்கூடிய ஒன்றால் கட்ட வேண்டும். எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் கேபிள் டை போதும், இல்லையென்றால் தங்கூசியில் (தூண்டில் நைலான் நரம்பில்) சில சுற்று. சாதாரணமாக நிற்கும்போது இழுவை மேல் வளையம் வழியாகவே போகும், நங்கூரம் எப்போதும் போலப் பிடிக்கும். மாட்டிக்கொண்டால் படகை நேர் மேலே கொண்டுவந்து, கயிற்றை அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், குறுக்கிக் கட்டிவிட்டு அலை தூக்கும்வரை காத்திருக்க வேண்டும். படகு எழும்பும்போது அந்தக் கட்டு அறுந்து இழுவை அடிப்பக்கத்துக்கு மாறிவிடும், நங்கூரம் போன வழியிலேயே பின்னோக்கி வெளியே வரும். வேரில் சிக்கிய மண்வெட்டியை முன்னால் இழுக்காமல் பின்னால் தள்ளி எடுப்போமே, அதே கணக்குதான்.

கவனிக்க வேண்டியதும் இருக்கிறது. தண்டு ஓரமாக வரும் சங்கிலியில் துளி தளர்வு வேண்டும். விறைப்பாக இருந்தால் இழுவை முதலிலேயே அடிக்குப் போய் நங்கூரம் பிடிக்காது, அதிகம் தொங்கினால் கொக்கியிலேயே சுற்றிக்கொள்ளும். எத்தனை கேபிள் டை என்பது படகின் எடையைப் பொறுத்தது, அதனால் கரையோரம் அமைதியான மணல் தரையில் ஒன்றில் தொடங்கி இழுத்துப் பார்த்து, தேவைப்பட்டால் ஒன்று கூட்டலாம். வெயிலில் பிளாஸ்டிக் இற்றுப்போகும், பழையதை நம்பக் கூடாது.

இன்னொன்று, இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ராத்தங்கலுக்கு இந்தக் கட்டு ஆகாது. எல்லாரும் படுத்திருக்கும்போது காற்று திரும்பி, படகு வெட்டி இழுத்துக் கட்டு அறுந்தால், நங்கூரம் பிடி விட்டுப் படகு தானாக ஒதுங்கிப் போய்க்கொண்டிருக்கும், கப்பல் போகும் பாதையில் விழித்தாலும் விழிக்கலாம். இரவு தங்குவதென்றால் மணல் தரை பார்த்து, சங்கிலியை மேல் வளையத்தில் ஷாக்கிள் போட்டு, கயிற்றைத் தாராளமாக விட்டுத்தான் நிற்க வேண்டும். ஆழத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு என்பது பொதுவான கணக்கு.

சரி, பவளப் பார்களில் என்ன செய்வது என்று கேட்பார்கள். உயிருள்ள பவளத்தின் மேல் நங்கூரமே போடக் கூடாது, அங்கே இந்தக் கட்டு ஒரு சாக்காகிவிடக் கூடாது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே உள்ள 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகின்றன. நங்கூரம் ஒருமுறை பெயர்த்துவிட்டால் திரும்ப வளரப் பல வருஷம் பிடிக்கும், அந்தப் பார் செத்தால் மீனும் போய்விடும். பாருக்கு ஓரமாக மணலில் போட்டு, கயிற்றை விட்டுப் பார் பக்கம் படகை மிதக்க விடலாம். ஆழமும் தரையும் காட்டும் எக்கோ சவுண்டர் கருவி இல்லாதவர்கள் ஈயக்குண்டின் அடியில் சோப்பைத் தடவி இறக்கிப் பார்க்கட்டும், மணல் ஒட்டி வந்தால் மணல், ஒன்றும் ஒட்டாமல் கீறலோடு வந்தால் பாறை.

இத்தனையும் செய்து வரவில்லை என்றால் கயிற்றை அறுத்துவிட வேண்டியதுதான். அறுக்கும் முன் முனையில் ஒரு மிதவையைக் கட்டி, ஜிபிஎஸ்ஸில் இடத்தைக் குறித்துக்கொண்டு, கடல் அமைதியான நாளில் போய்ப் பார்க்கலாம். கத்தி எப்போதும் அணியத்தில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

மீன்வளத் துறையிடம் ஒரு வேண்டுகோள். பாதுகாப்புப் பயிற்சி முகாம்களில் உயிர்காப்பு மேலங்கி, தகவல் கருவி பற்றியெல்லாம் சொல்லித் தரும்போது, ஒரு நங்கூரத்தையும் ஒரு முழச் சங்கிலியையும் மேசையில் வைத்து இந்தக் கட்டையும் செய்து காட்டுங்கள், கால் மணி நேரம் கூட ஆகாது. மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும் ஊர் வெல்டிங் பட்டறைகளில் பேசி, புதிதாகச் செய்யும் நங்கூரங்களில் அடி வளையத்தையும் சேர்த்தே வைக்கச் சொல்லலாம். பழையதைத் திரும்பப் பட்டறைக்குத் தூக்கிப் போவதைவிட அது சுலபம், செலவும் குறைவு.

இப்படிக்கு,
தூண்டில் மீனவர் ஒருவர்,
தூத்துக்குடி மாவட்டம்.