எங்கள் அம்மாவை, உங்கள் டீச்சரைப் பார்த்துக்கொண்ட எல்லோருக்கும்

அன்புடையீர்,

அம்மா மறைந்தபோது வீட்டுக்கு வந்தவர்கள், வர முடியாமல் போனில் பேசியவர்கள், என்ன சொல்வதென்று தெரியாமல் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனவர்கள், எல்லோருக்கும் வணக்கம். அந்த நேரத்தில் யாரிடமும் முகம் பார்த்து நன்றி சொல்ல முடியவில்லை. ஒவ்வொருவருக்காகச் சொல்லிவிடலாம் என்று பட்டியல் போட்டோம். அது முடிகிற பாடாக இல்லை. பாதிப் பேரின் பெயரே எங்களுக்குத் தெரியாது, 'டீச்சர்கிட்ட ரெண்டாங்கிளாஸ் படிச்சேன்' என்பதுதான் அவர்கள் சொன்ன அடையாளம். அதனால்தான் இந்தப் பொது மடல்.

முதலில் பக்கத்து வீட்டுத் தம்பி. அம்மாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியதையும், தூக்கச் சொன்ன வலது கை துவண்டு விழுந்ததையும் பார்த்தவர், 'கொஞ்சம் படுக்கட்டும், பார்க்கலாம்' என்று சொல்லவில்லை. கடிகாரத்தைப் பார்த்து, உள்ளங்கையில் பேனாவால் மணியைக் குறித்துக்கொண்டு, வண்டியை எடுத்தார். மருத்துவமனையில் எங்களிடம் கேட்ட முதல் கேள்வியே 'எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?' என்பதுதான். ரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதத்துக்கு, அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் ஸ்கேன் எடுத்து, மூளைக்குள் ரத்தம் கசியவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். அந்த நேரமும் இந்தக் கணக்கில்தான் கழியும். தம்பி, அதற்குப் பிறகு அம்மாவோடு எங்களுக்குக் கிடைத்த நாட்கள் எல்லாம் உங்கள் உள்ளங்கையில் எழுதியிருந்தவை.

உயிர் தங்கியது, பேச்சு போய்விட்டது. வாழ்நாள் முழுக்கப் பேசியே பிழைத்தவருக்கு அதுவா போக வேண்டும் என்று நாங்கள் ஆற்றாமைப்பட்டோம். பெரும்பாலானவர்களுக்கு மொழி மூளையின் இடது பக்கத்தில் இருக்கிறது. அங்கே அடி பட்டால் வலது கையோடு சேர்ந்து பேச்சும் போகும். இதற்கு அஃபேசியா என்று பெயர். அம்மாவுக்கு வந்த வகையில், நாம் சொல்வது பெரும்பாலும் புரியும், பதில் மட்டும் வராது. என் பெயரைச் சொல்ல வாயைத் திறப்பார், வேறு ஏதோ வரும், அது தவறென்று அவருக்கே தெரிந்துவிடும். அந்தத் தெரிதல்தான் பார்க்கக் கொடுமையாக இருந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மையாருக்கு எப்படி நன்றி சொல்வது? 'அவர் தேடும் சொல்லை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். டிவியை அணையுங்கள். ஒரு நேரத்தில் ஒருவர் பேசுங்கள். ஆமாம், இல்லை என்று பதில் வருகிற மாதிரி கேளுங்கள்' என்று எங்களை உட்கார வைத்துச் சொன்னார். அப்புறம் கேட்டார்: 'டீச்சருக்கு மனப்பாடமாக இருப்பது எது?' பேச்சு போனவர்களுக்கும் எண்ணுவது, கிழமைகள், பாட்டு என்று வாயிலேயே பழகிக் கிடப்பவை பல நேரம் போகாமல் தங்கியிருக்குமாம். நாங்கள் யோசிக்கவே இல்லை. வாய்பாடு என்றோம். அவர் 'ஈரிரண்டு' என்று எடுத்துக் கொடுத்தார். 'நாலு' என்றார் அம்மா. பிள்ளையின் பெயர் வராத வாயில் ஏழாம் வாய்பாடு தடங்கலில்லாமல் வந்தது. நாங்கள் அழுததைப் பார்த்து அம்மாவுக்கு எரிச்சல் வந்ததும் நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அம்மாவின் மாணவர்கள் செய்தது. எப்படியோ சேதி பரவி, முறை வைத்துக்கொண்டு சாயங்காலங்களில் வர ஆரம்பித்தீர்கள். அறைக்குள் ஒவ்வொருவராகத்தான் போக வேண்டும் என்ற விதியை, வகுப்பில் இருந்ததைவிட ஒழுங்காக மதித்தீர்கள். உங்களில் ஒருவர், நரைத்த மீசைக்காரர், வேண்டுமென்றே 'ஏழெட்டு ஐம்பத்து நாலு' என்றார். அம்மாவின் இடது கை ஆள்காட்டி விரல் சட்டென்று உயர்ந்தது. 'ஆறு' என்றார். அன்றிலிருந்து தப்பாக வாய்பாடு சொல்வது அந்த அறையில் ஒரு வழக்கமாகிவிட்டது. உடன் வேலை பார்த்த டீச்சர் ஒருவர் சிலேட்டும் பல்பமும் கொண்டுவந்தார். அச்சுப் போல எழுதிய அம்மா, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி இடது கையால் 'அ' போட்டுப் பழகினார். சுழி சரியாக வரவில்லை என்றால் அவரே அழித்துவிடுவார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் அம்மாவை டீச்சராகப் பார்த்ததே இல்லை. வீட்டில் எங்களுக்குப் பாடம் சொல்லித்தர மாட்டார். 'உங்களுக்கு ஸ்கூல்ல டீச்சர் இருக்காங்க, வீட்ல அம்மா இருக்கட்டும்' என்பார். ராத்திரியில் நோட்டு திருத்துவதை மட்டும் தூக்கக் கலக்கத்தில் பார்த்திருக்கிறோம். எங்களுக்குத் தெரிந்தவர், காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைத்தபடியே விழித்திருக்கும் அம்மா, தலை பின்னும்போது இழுத்துப் பின்னும் அம்மா. அந்த டீச்சர் எப்படி இருந்தார் என்பதை நீங்கள் வந்து சொல்லச் சொல்லத்தான் தெரிந்துகொண்டோம். நீங்கள் செய்த உதவிகளிலேயே எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான்.

52-இலிருந்து 17-ஐக் கழித்து 45 என்று எழுதிய கதையைச் சொன்ன அக்காவை மறக்க மாட்டோம். அம்மா அதற்குத் தப்புக் குறி போடவில்லையாம். கூப்பிட்டு, 'எப்படிப் போட்ட, சொல்லு' என்று கேட்டிருக்கிறார். 2-லிருந்து 7 போகாது, அதனால் 7-லிருந்து 2-ஐக் கழித்தேன் என்று இந்த அக்கா விளக்கியிருக்கிறார். பெரியதிலிருந்து சிறியதைத்தான் கழிக்க முடியும் என்று புரிந்துகொண்ட பிள்ளை போட்ட கணக்கு அது. அம்மா பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய தீக்குச்சிகளை எடுத்து வைத்திருக்கிறார். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. 'ஏழு குச்சி எடுத்துக் குடு' என்றதும் அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் விழித்துவிட்டு, ஒரு கட்டைப் பிரித்ததாம். கடன் வாங்கிக் கழிப்பது என்று நாமெல்லாம் மந்திரம் மாதிரி படித்தது அவ்வளவுதான், ஒரு கட்டைப் பிரிப்பது. நாங்கள் மூவரும் இதை நடுத்தர வயதில் அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து கற்றுக்கொண்டோம்.

இன்னொருவர், கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் தப்புத் தப்பாக எழுதியவர். அடுத்த பையன் நோட்டைப் பார்த்து எழுதினால் சரியாக வருகிறது என்பதைக் கவனித்து, அவர் வீட்டுக்கே போய், கண்ணைக் காட்டுங்கள் என்று சொன்னாராம் அம்மா. அதுவரை அவருக்கு மக்கு என்று பெயர்.

கூடவே இருந்து பார்த்துக்கொண்ட அக்காவுக்குச் சம்பளம் கொடுத்தோம், அதனால் நன்றிக் கடன் தீர்ந்துவிட்டது என்று நாங்கள் நினைக்கவில்லை. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்து, ஒரு படுக்கைப் புண்கூட வராமல் பார்த்தவர் அவர். விழுங்குவது சிரமமானபோது, நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைச் சற்றே தாழ்த்தி, கெட்டியாகக் கரைத்ததைச் சிறு கரண்டியில் கொடுக்க எங்களுக்குக் காட்டித்தந்த நர்ஸுக்கும் நன்றி. கடைசியில் நுரையீரலில் சளி கட்டி அம்மா போய்விட்டார். யாரும் எதையும் செய்யாமல் விட்டதால் அல்ல. டாக்டர் அதை எங்களுக்கு ஒளிக்காமல், பொறுமையாகச் சொன்னார்.

அம்மா பல வருடங்களுக்கு முன்பே கண் தானத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அந்த நேரத்தில் எங்கள் யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை. எதிர் வீட்டு அத்தைக்கு வந்தது. கருவிழியைப் பொதுவாக 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று சொல்லி போன் செய்ய வைத்து, இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையணையை உயர்த்தியதெல்லாம் அவர். கண்ணாடி போட்டவர், வயதானவர் என்பதெல்லாம் இதற்குத் தடையில்லை என்பது எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

யார் பெயரையும் இங்கே போடவில்லை. ஒருவர் விட்டுப்போனாலும் எங்களுக்கு மனசு கேட்காது, அதனால்தான்.

அம்மாவின் அலமாரியில் அந்தத் தீக்குச்சிக் கட்டுகள், எழுத்து அட்டைகள், கைப்பட எழுதிய பாடக் குறிப்புகள் எல்லாம் இருக்கின்றன. ஒன்று, இரண்டாம் வகுப்பு எடுக்கும் டீச்சர்கள் யாராவது கேட்டால் சந்தோஷமாகக் கொடுத்துவிடுகிறோம். ரப்பர் பேண்டுகள் மட்டும் இற்றுப்போயிருக்கின்றன, புதிதாகப் போட்டுத் தருகிறோம்.

நன்றியுடன்,
டீச்சரின் பிள்ளைகள்