திருமணச் செலவுத் திட்டம் இலைக்கணக்கில் தொடங்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கூட்டுறவு வங்கி ஒன்றின் நகைக்கடன் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். முகூர்த்த மாதங்கள் முடிந்த சில வாரங்களிலேயே, கடைப் பெட்டியும் ரசீதும் கூடக் கலையாத புது ஆரமும் வளையல்களும் அடகுக்கு வருவது எங்கள் பிரிவில் வழக்கமான காட்சி. காரணம் கேட்டால், மண்டபத்துக்கும் சமையலுக்கும் பாக்கி நிற்கிறது என்பார்கள். மதிப்பீட்டாளர் கல் எடையைக் கழித்து, மிஞ்சிய தங்கத்தின் மதிப்பிலும் ஒரு பகுதிக்குத்தான் கடன் எழுதுவார். செய்கூலி, சேதாரம், 3 விழுக்காடு ஜிஎஸ்டி என்று கடையில் கொடுத்த பணத்துக்கு அங்கே மதிப்பே கிடையாது. மகளுக்கென்று ஆசையாக வாங்கிய நகைக்கு இரண்டே மாதத்தில் வட்டி கட்டத் தொடங்கும் அந்தக் குடும்பங்கள் ஊதாரிக் குடும்பங்கள் அல்ல. அவர்களில் பெரும்பாலோர் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே நோட்டுப் போட்டு, தலைப்புவாரியாகச் செலவை எழுதி வைத்தவர்கள்தாம்.

அப்படியானால் கணக்கு எங்கே தவறுகிறது? பத்து லட்சம் அல்லது பதினைந்து லட்சம் என்று ஒரு தொகையை முதலில் முடிவு செய்து, மண்டபத்துக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துவிடுகிறோம். எத்தனை பேரை அழைப்பது என்பதை மட்டும் பத்திரிகை அச்சடிக்கும் நாள்வரை பேசுவதேயில்லை. என் அனுபவத்தில், திருமணச் செலவில் நகை நீங்கலாக ஏறக்குறைய எல்லாமே இலை எண்ணிக்கையைப் பின்பற்றித்தான் ஏறுகின்றன. மண்டபத்தின் அளவு, பாத்திரம், தண்ணீர் பாட்டில், தாம்பூலப் பை, பந்தி பரிமாறும் ஆட்கள், வெளியூர் உறவினர் தங்கும் அறைகள் என எதை எடுத்தாலும் அதன் அடியில் தலைக்கணக்கு இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஐந்நூறு பேர் வருவார்கள் என்றால் ஐந்நூறு இலை என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். முதல்நாள் இரவு வரவேற்பு விருந்துக்கு 500, மறுநாள் காலைச் சிற்றுண்டிக்கு 250, முகூர்த்தச் சாப்பாட்டுக்கு 350 என்று வைத்தால் மொத்தம் 1,100 இலை ஆகிறது. சராசரியாக இலைக்கு 250 ரூபாய் என்று கொண்டாலும் சாப்பாடு மட்டும் 2,75,000 ரூபாய். பிறகு, அலுவலகத்தாரை விட்டுவிட்டோம், பழைய தெருக்காரர்களை விட்டுவிட்டோம் என்று இன்னும் நூறு பேரைச் சேர்க்கும்போது, அதே விகிதத்தில் 220 இலை கூடி, 55,000 ரூபாய் ஏறிவிடுகிறது. காண்ட்ராக்ட் எடுப்பவர் குறைந்தபட்ச இலை எண்ணிக்கையை முன்கூட்டியே உறுதி செய்யச் சொல்வதால், வராதவர்களின் இலைக்கும் நாமே பணம் கட்டுகிறோம். ஆகவே மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இரு வீட்டாரும் உட்கார்ந்து, அழைக்கப்போகிறவர்களின் பெயர்களை எழுதி, எண்ணிக்கையை முடித்துவிட வேண்டும். அதன்பின் ஒரு பெயர் சேர்ந்தால் அந்தச் செலவுக்காக வேறு எதை விடுகிறோம் என்பதையும் அப்போதே எழுத வேண்டும்.

இரு வீட்டார் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முகூர்த்தம் பெண் வீட்டார் செலவு, வரவேற்பு மாப்பிள்ளை வீட்டார் செலவு என்ற பழைய ஏற்பாடு மாறி, செலவில் பாதிப் பாதி என்பது இப்போது பரவலாகி வருகிறது. இது நல்ல மாற்றம். ஆனால் செண்டை மேளம் வேண்டும், ட்ரோன் படப்பிடிப்பு வேண்டும், மேடைக்கு வெளிநாட்டுப் பூ வேண்டும் என்று ஒரு வீட்டார் தாமாக முடிவெடுத்து, பில்லை மட்டும் இரண்டாகப் பிரிப்பது நியாயமாகாது. முடிவெடுப்பதிலும் பாதிப் பங்கு இருந்தால்தான் அந்த ஏற்பாடு நிற்கும். மணமக்களும் அந்தப் பேச்சில் உட்கார வேண்டும், ஏனெனில் கடன் மிஞ்சினால் அதைச் சுமக்கப்போகிறவர்கள் பெரும்பாலும் அவர்களே.

நகையைப் பொறுத்தவரை, சவரன் கணக்கில் திட்டமிடுவதே இன்று ஆபத்தாகிவிட்டது. 2024 ஜூலையில் தங்க இறக்குமதி வரியை 15 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாகக் குறைத்தபோது விலை சற்று இறங்கியது, ஆனால் அந்த இறக்கம் நிலைக்கவில்லை. 2025 தொடக்கத்தில் 60,000 ரூபாய்க்குக் கீழே இருந்த ஒரு சவரன் ஆபரணத் தங்கம் அதே ஆண்டு அக்டோபரில் 90,000 ரூபாயைத் தாண்டியது. இருபது சவரன் என்று தை மாதம் மனத்தில் வைத்தவருக்கு ஐப்பசியில் ஏறத்தாழ ஆறு லட்சம் ரூபாய் கூடுதலாகத் தேவைப்பட்டது. செய்கூலியும் சேதாரமும் இதில் சேரவில்லை. நகைக்கென்று ரூபாயில் ஒரு வரம்பை வைத்துக்கொண்டு, அதற்குள் கிடைக்கும் எடையை ஏற்றுக்கொள்வதுதான் நடுத்தரக் குடும்பத்துக்குப் பாதுகாப்பு. இத்தனை சவரன் போட வேண்டும் என்று சம்பந்தி வீட்டார் கேட்பது 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

மொய்ப் பணத்தை நம்பிச் செலவைக் கூட்டுவது இன்னொரு தவறு. மொய் நோட்டில் ஏறும் ஒவ்வொரு தொகையும் பிற்காலத்தில் நாம் திருப்பிச் செய்ய வேண்டிய கடமை. அதை வரவுப் பக்கத்தில் எழுதவே கூடாது.

இவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு குடும்பம் தன்னால் கட்டுப்படுத்த முடியாத இடம் ஒன்று இருக்கிறது. மண்டப அலுவலக அறையைத்தான் சொல்கிறேன். கடைசிப் பந்தி முடிந்து, மணமக்கள் மறுவீட்டுக்குப் புறப்படும் நேரத்தில், மேலாளர் கணக்கை நீட்டுகிறார். பேசிய வாடகைக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி, மின்சார யூனிட், ஏசிக்கு மணிக்கணக்கில் தனிக் கட்டணம், ஜெனரேட்டர் டீசல், துப்புரவு, எச்சில் இலை அகற்றும் கூலி, காணாமல் போன டம்ளர், கரண்டி என்று பட்டியல் நீள்கிறது. முன்பதிவின்போது இவற்றில் பாதியைக்கூட யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வாசலில் வண்டி காத்திருக்கிறது, சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் யாரும் வாதாடுவதில்லை. எண்ணிக்கூட முடிக்காத மொய்ப் பையைத் திறந்து கணக்குத் தீர்ப்பதை உறவினர் திருமணங்களில் நான் பலமுறை அருகிலிருந்து பார்த்து வேதனைப்பட்டிருக்கிறேன்.

பில் இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்தால் குறைத்துக்கொள்கிறோம் என்று சில இடங்களில் சொல்வதுண்டு. அதற்கு உடன்பட்டால் பின்னர் முறையிட நம் கையில் ஆதாரம் இருக்காது. ஒரே நிகழ்வுக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை 2017 முதல் வருமான வரிச் சட்டம் தடை செய்திருக்கிறது. பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத புகாருக்குக் கட்டணமும் இல்லை. ஆனாலும் திருமணம் முடிந்த களைப்பில் ஆணையத்துக்கு நடப்பவர் எத்தனை பேர்? முறைகேடு நடக்காமல் முன்கூட்டியே தடுப்பதுதான் முறை.

எனவே மண்டபங்களுக்கு உரிமம் வழங்கும் அதிகாரிகளையும் மாவட்ட ஆட்சியர்களையும் இக்கடிதத்தின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். வாடகை, வரி, மின்சாரம், ஜெனரேட்டர், துப்புரவு, பாத்திர இழப்பு, தேதி மாறினால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பும் என்ற விவரம் ஆகிய அனைத்தையும் தமிழில் அச்சிட்டு, முன்பதிவு ரசீதுடன் இணைத்துத் தருவதையும் அலுவலக அறையின் வெளியே பலகையாக வைப்பதையும் உரிமத்தின் நிபந்தனையாக்க வேண்டும். பலகையில் இல்லாத கட்டணத்தை வசூலிக்கக் கூடாது. வருகிற தை முகூர்த்தங்களுக்கான முன்பதிவு தொடங்குவதற்குள் இதற்கான உத்தரவு வந்தால் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பயன்படும். தங்கள் நாளிதழும் மாவட்டப் பக்கங்களில் மண்டபக் கட்டண விவரங்களை ஒப்பிட்டு வெளியிட்டு உதவுமாறு அன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவு வங்கி ஊழியர்,
கும்பகோணம்.