அந்த ராத்திரி டூட்டி அக்காவுக்கும், மற்ற எல்லோருக்கும்

இன்று மத்தியானம் அம்மாவை மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். இப்போது மணி பதினொன்று தாண்டிவிட்டது, அவள் தூங்குகிறாள், அடிக்கடி எழுந்து போய் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு வந்து வந்துதான் இதை எழுதுகிறேன். இந்தப் பன்னிரண்டு நாள் கதை உங்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியும். ரத்தம் கேட்டு நான் போட்ட செய்தியை ஆளுக்குப் பத்துப் பேருக்காவது தள்ளிவிட்டவர்கள் நீங்கள்தானே. அதையெல்லாம் மறுபடி சொல்லத் தெம்பில்லை. நன்றி சொல்ல வேண்டும், அவ்வளவுதான். முதலில் ஒருவருக்கு.

அவர் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. வார்டைக் கூட்டித் துடைத்து, பெட்பேன் எடுக்கிற ஒப்பந்தத் தொழிலாளி. "பேரெல்லாம் போட்றாதீங்க தம்பி, சூப்பர்வைசரு எதுக்கு எழுதச் சொன்னேன்னு கேப்பாரு" என்றார். அதனால் அக்கா என்றே இருக்கட்டும்.

மதுரைக்குக் கொண்டுபோன அன்று எங்கள் எல்லோர் தலையிலும் 'ஹார்ட்' என்ற ஒரே வார்த்தைதான் உட்கார்ந்திருந்தது. மூச்சு வாங்குகிறது, கால் வீங்கியிருக்கிறது, ஈசிஜியில் மாறுதல் இருக்கிறது, வேறென்ன வேண்டும்? ஊர் கிளினிக்கில் ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரையை ஆரம்பித்து, ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) பார்த்துவிடுங்கள் என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். ஹீமோகுளோபின் 5.4 என்பதும் அதே சீட்டில் ஓர் ஓரத்தில் இருந்தது. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்கிற கணக்கு எனக்கு அப்போது தெரியாது. வயசானா ரத்தம் குறையத்தான் செய்யும் என்று ஒரு இரும்பு டானிக்கோடு மூன்று வாரம் முன்பே அந்தப் பேச்சு முடிந்திருந்தது.

சேர்த்த அன்று சாயங்காலம் இளம் டாக்டர் ஒருவர் எல்லாம் விசாரித்தார். மலம் கருப்பாகப் போகிறதா என்றும் கேட்டார். அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார், பதில் சொன்னது நான். "இல்ல சார், டானிக் குடிக்கிறாங்க, அதுல லேசா கருப்பா இருக்கலாம்." எனக்கு எப்படித் தெரியும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அம்மா சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெண்கள் வார்டு என்பதால் ராத்திரி எனக்கு வராந்தாதான். என் மனைவி மறுநாள்தான் வருவதாக இருந்தது. ரெண்டு மணி இருக்கும், அந்த அக்கா வெளியே வந்து என்னை எழுப்பினார். பயந்து எழுந்தேன். "ஆத்தாவுக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கு. மூட்டுவலிக்கு மாத்திரை எதுவும் சாப்பிடுதா?" என்றார்.

உள்ளே நடந்ததைப் பிறகு அம்மாதான் சொன்னாள். பெட்பேனில் போனதைப் பார்த்துவிட்டு அக்கா முகம் சுளிக்கவில்லை, மூக்கைப் பிடிக்கவில்லை. வெந்நீர் கொண்டுவந்து துடைத்துவிட்டு, சேலையைச் சரிசெய்து, கட்டில் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து காதோடு கேட்டிருக்கிறார்: "எத்தனை நாளா ஆத்தா இப்படித் தாரு கணக்கா போகுது?" அம்மா ரெண்டு மாசம் என்றிருக்கிறாள். "மகன்கிட்ட எப்படித் தாயி இதைச் சொல்ல?" என்றும் சொல்லியிருக்கிறாள்.

டானிக்குடைய கருப்பு வேறு, உள்ளே கசிகிற ரத்தத்தின் கருப்பு வேறு. ரத்தம் குடலில் செரித்து வரும்போது பிசுபிசுவென்று ஒட்டும், அந்த நாற்றமும் தனி. இருபது வருசம் பெட்பேன் எடுத்தவருக்கு அது ஒரு பார்வையில் தெரிந்திருக்கிறது. நர்ஸை எழுப்பிக் காட்டிவிட்டுத்தான் என்னிடம் வந்திருக்கிறார். அது அவர் வேலை இல்லை. கொட்டிக் கழுவிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருக்கலாம், யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

சரி, மாத்திரைக்கு வருகிறேன். சாப்பிட்டாள். வாங்கிக் கொடுத்தது நான்தான். மூட்டுவலிக்கு என்றைக்கோ ஒரு டாக்டர் ஐந்து நாளைக்கு எழுதியதை, அதைப் போட்டால் நடக்கிறாளே என்று, அட்டை அட்டையாக ஒன்றரை வருசமாக வாங்கிக் கொடுத்திருக்கிறேன். வெறும் வயிற்றில்கூடப் போட்டிருக்கிறாள். அந்த மாதிரி வலி மாத்திரை நாள்பட்டால் வயிற்றைப் புண்ணாக்குமாம். நல்ல மகன் என்று தெருவில் பேர் வேறு.

விடிந்ததும் காரியங்கள் திசை மாறின. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்ததை நிறுத்தினார்கள். ஆஞ்சியோ தள்ளிப்போனது. ரத்தம் மூன்று யூனிட், ஒரேயடியாக இல்லை, ஒவ்வொன்றும் மூன்று நான்கு மணி நேரம் சொட்டுச் சொட்டாக, நீர் பிரிய ஓர் ஊசியும் போட்டு. வேகமாக ஏற்றினால் இந்த வயதில் இதயம் தாங்காதாம். அப்புறம் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், இரைப்பையில் புண். சதை எடுத்துச் சோதித்ததில் புற்று இல்லை என்று வந்த அன்றுதான் நான் ஒழுங்காகச் சாப்பிட்டேன். எக்கோ என்கிற இதய ஸ்கேனில் பம்பிங் நன்றாகவே இருந்தது. பெரிய டாக்டர் சொன்னது எங்கள் ஊர்க்காரர்களுக்கு லேசாகப் புரியும்: "கெணத்துல தண்ணி இல்லாம மோட்டார் ஓடுனா சூடாகத்தானே செய்யும், மோட்டாரை மட்டும் குறை சொன்னா எப்படி?" ரத்தம் ஏறிய பிறகு எடுத்த ஈசிஜியில் பழைய மாறுதல் இல்லை. இதயத்தில் அடைப்பே கிடையாது என்று அவர் சொல்லவில்லை, புண் ஆறி ரத்தமும் ஊறியபின் நிதானமாகப் பார்க்கலாம் என்றார். அவசரப்பட்டு ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்திருந்தால் அந்த இரண்டு மாத்திரையையும் மாதக்கணக்கில் நிறுத்த முடியாது, உள்ளே புண் கசிந்துகொண்டே இருந்திருக்கும். அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

அக்காவுக்குக் கிளம்பும்போது கொஞ்சம் பணம் கொடுத்தேன். வேண்டாம் என்று மறுத்துவிட்டார் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். வாங்கிக்கொண்டார். அந்தச் சம்பளத்துக்கு ஏன் வாங்கக் கூடாது?

மற்றவர்களுக்கெல்லாம் மொத்தமாகத்தான் சொல்ல முடிகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். ரத்தம் கொடுத்த பாலிடெக்னிக் தம்பிகள் மூன்று பேர் (ஒருவன் பரீட்சை முடித்த கையோடு பஸ் ஏறி வந்தான்), பன்னிரண்டு நாளும் எங்கள் மாட்டைக் கறந்து தண்ணி காட்டிய எதிர்வீட்டுச் சித்தப்பா, வாடகையே சொல்லாத ஆட்டோ அண்ணன், ராத்திரி டூட்டி சிஸ்டர், நான் பொய் சொன்ன அந்த இளம் டாக்டர், பக்கத்துக் கட்டில் பாட்டியின் மகள், இட்லிச் சட்னி கொண்டுவந்த மச்சான் வீட்டார், எல்லோருக்கும். என் மனைவியும் ரத்தம் கொடுக்கப் போனாள், ஹீமோகுளோபின் 10.8தான் இருக்கிறது, 12.5 இருந்தால்தான் எடுப்போம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கள் வீட்டில் யாரையுமே நான் கவனித்ததில்லை போல. அவளுக்கும் நாளை மறுநாள் டாக்டரைப் பார்க்க வேண்டும், அங்கே பதிலை அவளே சொல்லட்டும், நான் வாயைத் திறக்க மாட்டேன். நான் கொடுத்தது இந்த மாதம், ஆண்கள் மூன்று மாதத்துக்கொரு தரம் கொடுக்கலாம் என்றார்கள், அடுத்த தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறேன். இதை நாலு பேர் முன்னால் எழுதினால்தான் போவேன், என்னை எனக்குத் தெரியும்.

அம்மா விழித்துவிட்டாள். முட்டி வலிக்கிறதாம், அந்த மாத்திரை ஒன்றே ஒன்று இருந்தால் கொடேன் என்கிறாள். அட்டையை நேற்றே குப்பையில் போட்டாயிற்று. மாட்டுக்கு வாங்கிய தவிடு இருக்கிறது, வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுக்கப் போகிறேன்.