ஒன்றாம் வகுப்பை ஏன் பிரிக்கப் போவதில்லை: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளி
நீடாமங்கலம் ஒன்றியம், திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பள்ளி திறந்த வாரத்தில் ஒன்றாம் வகுப்புப் பெற்றோரில் சிலர் என்னைப் பார்க்க வந்தீர்கள். எல்.கே.ஜி., யு.கே.ஜி. முடித்துவிட்டு வந்த பிள்ளைகளைத் தனியாகவும், அங்கன்வாடியிலிருந்தும் வீட்டிலிருந்து நேராகவும் வந்த பிள்ளைகளைத் தனியாகவும் உட்கார வைக்கலாமே என்று கேட்டீர்கள். “எம் புள்ள நூறு வரைக்கும் சொல்றான் டீச்சர், மறுபடி ஒண்ணு ரெண்டுலேர்ந்து ஆரம்பிச்சா சலிச்சுப் போயிடாதா?” என்று ஒருவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆசிரியர்களோடும் பள்ளி மேலாண்மைக் குழுவோடும் பேசினேன். பிரிக்க வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். வாசலில் நின்றபடி சொன்னால் பாதிக் காரணத்தைத்தான் சொல்ல முடியும் என்பதால் எழுதுகிறேன்.

போன வாரம் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ஆசிரியை ஒரு கிண்ணம் நிறையப் புளியங்கொட்டையை வைத்துக்கொண்டு, “ஏழு கொட்டை எடுத்துக் கொடு” என்று ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டார். நூறு வரை மூச்சு விடாமல் சொல்லும் ஒரு பையன் எண்ணிக்கொண்டே போனான். ஏழு வந்ததும் நிறுத்தத் தோன்றாமல் கிண்ணத்தையே காலி செய்துவிட்டான். இருபதுக்கு மேல் எண்ணத் தெரியாத ஒரு பெண் பிள்ளை, ஏழு கொட்டையைச் சரியாக எடுத்து ஆசிரியையின் கையில் வைத்துவிட்டு, “இன்னும் வேணுமா?” என்று கேட்டாள். வீட்டில் சாப்பாட்டு நேரத்துக்குத் தட்டும் டம்ளரும் எண்ணி எடுத்து வைப்பது அவள்தானாம். அப்புறம் ஆளுக்கொரு படக்கதைப் புத்தகம் கொடுத்தோம். அந்தப் பெண் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பையனோ பக்கம் புரட்டி, யானை என்ன செய்கிறது என்று தானாகவே சொல்ல ஆரம்பித்தான்.

இருவரும் கெட்டிக்காரப் பிள்ளைகள். அவரவர் வீட்டில் கிடைத்தது அவரவர் கையில் இருக்கிறது. புத்தகமும் கலர் பென்சிலும் பணம் இருக்கும் வீட்டில் மூன்று வயதிலேயே வந்துவிடுகின்றன. ஐந்து வயதில் நாம் ‘படிப்பு வரும்’, ‘படிப்பு வராது’ என்று சொல்வதில் பெரும்பகுதி பிள்ளையின் மூளையைப் பற்றியது இல்லை, அந்த வீட்டுக்கு மாதாமாதம் எவ்வளவு வருகிறது என்பதைப் பற்றியது. இப்போது பிரித்தால், வருமானத்தைப் பார்த்துப் பிரித்ததாகத்தான் ஆகும். ஆறு வயதில் ஒரு பெஞ்சுக்கு மக்கு பெஞ்சு என்று பெயர் வந்துவிட்டால், ஐந்தாம் வகுப்பு வரை அதை அழிக்க முடியாது.

வருமானம் எப்படிப் பிள்ளையின் படிப்புக்குள் புகுகிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் வழி வயிறு. 2019–21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையிலான பிள்ளைகளில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் நாலில் ஒரு பிள்ளைக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. இரத்தம் குறைந்த பிள்ளை சோர்ந்து உட்காரும், சொன்னதைக் கவனிக்காது. அதைப் பார்த்து ‘மந்தம்’ என்கிறோம்.

இரண்டாவது வழி கண்ணுக்குத் தெரியாது. அது பெற்றவர்களின் மனது வழியாகப் போகிறது. இதைப் பற்றிய ஒரு முக்கியமான ஆய்வு நம் தமிழ்நாட்டிலேயே, விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிக் கரும்பு விவசாயிகளிடம் நடந்தது, 2013ல் வெளியானது. கரும்புக்குப் பணம் வருவது வெட்டு முடிந்த பிறகுதான். அதற்கு முன்னால் கையில் காசு இருக்காது, நகை அடகுக்குப் போகும், கடன் ஏறும். 464 விவசாயிகளுக்கு வெட்டுக்கு முன்னால் ஒரு தடவையும் பணம் வந்த பிறகு ஒரு தடவையும் யோசித்துச் செய்யும் சோதனைகளை வைத்தார்கள். அதே மனிதர், அதே தலை. ஆனால் வெட்டுக்கு முன்னால் அவர் செய்ததைவிட வெட்டுக்குப் பின்னால் தெளிவாகச் செய்தார். ஆலைகள் வெட்டும் தேதியை முன்பின்னாகக் கொடுப்பதால், ஒரே சமயத்தில் சிலருக்குப் பணம் வந்திருக்கும், சிலருக்கு வந்திருக்காது. அதனால் வித்தியாசத்துக்கு வெயிலும் மழையும் காரணம் என்று சொல்லிவிட முடியவில்லை. பணக் கவலை மனதில் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மற்ற யோசனைக்கு மிச்சம் குறைவு.

இதைப் படித்தபோது நம் ஊர் நினைவுக்கு வந்தது. மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கினால் அம்மாக்கள் விடிகாலையில் கிளம்பிவிடுகிறீர்கள். நடவும் களையும் முடிந்தால் வேலை இல்லை. அறுப்பை மிஷின் எடுத்துக்கொண்டு பல வருடம் ஆகிவிட்டது. அப்பாக்களில் பாதிப் பேர் திருப்பூரிலோ கேரளாவிலோ இருக்கிறார்கள். வாரா வாரம் குழுக்கடன் தவணைக்கு யாரிடம் கைமாற்று வாங்குவது என்று ஓடிக்கொண்டிருக்கும் தாயிடம் நாலு வயதுப் பிள்ளை வந்து “அம்மா, நண்டுக்கு எத்தன காலு?” என்று கேட்டால், “சும்மா இரு” என்றுதான் வரும். அந்தத் தாயை நான் குறை சொல்ல மாட்டேன், யாரும் சொல்லவும் கூடாது. ஆனால் அந்தப் பதிலில் பிள்ளை ஒரு பேச்சை இழக்கிறது. கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் வீட்டுப் பேச்சுப் பதிவுகளை வைத்துப் பார்த்ததிலும், கை வறண்டு போகும் மாதக் கடைசியில் பெற்றவர்கள் பிள்ளையோடு பேசுவது குறைகிறது என்று தெரிந்தது. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் 2013 ஆய்வில், இரண்டு வயதுக்குள்ளேயே வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்கும் மொழியில் ஆறு மாத இடைவெளி விழுந்திருந்தது. ஒன்றாம் வகுப்பு வாசலில் நாம் பார்ப்பது அந்த இடைவெளியின் தொடர்ச்சி.

இதை மாற்ற முடியுமா? முடியும் என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று ஜமைக்கா. 1986–87ல் கிங்ஸ்டன் நகரின் ஏழை வீடுகளில், உடல் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒரு பகுதியினரின் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம், இரண்டு வருடத்துக்குச் சுகாதாரப் பணியாளர் ஒருவர் போனார். வீட்டில் கிடைக்கும் சாமான்களில் செய்த பொம்மைகளை வைத்து, குழந்தையோடு எப்படி விளையாடுவது, என்ன பேசுவது என்று தாய்க்குக் காட்டிக் கொடுத்தார். இருபது வருடம் கழித்துப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகள் அப்படி யாரும் வராத வீட்டுப் பிள்ளைகளைவிடச் சுமார் 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள்.

சரி, நம் பள்ளியில் என்ன செய்யப் போகிறோம்? ஒன்றாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் கலந்துதான் உட்காருவார்கள். எழுத்து தெரிந்த பிள்ளைக்குச் சலிக்காமல் இருக்க, அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட முறையில் அவரவர் நிலைக்கு ஏற்ற வேலை தனித்தனியாகக் கொடுக்கப்படும். அதற்கு ஆசிரியைக்குக் கூடுதல் உழைப்பு ஆகும், அவர் சம்மதித்திருக்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு படக்கதைப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்து வரும். கிழிந்தால் கிழியட்டும், காசு கேட்க மாட்டோம். எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயியும் அதைப் பிரித்து வைத்து, “இது என்ன, இவன் எங்க போறான்?” என்று கேட்கலாம். அந்தக் கேள்விகள்தான் முக்கியம். சொல்லப்போனால் புத்தகமே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. முருங்கைக்கீரை உருவும்போதும் வாய்க்காலில் துணி துவைக்கும்போதும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். நம் வீட்டுத் தமிழில் பேசுங்கள். ஆங்கிலத்தில் பேசினால்தான் மூளை வளரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

காலை உணவைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 ஆகஸ்ட் 25 அன்று நம் பக்கத்துத் திருக்குவளையில் வைத்துத்தான் இந்தத் திட்டத்தை மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரித்தார்கள். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடாக வருகிறது. “நாங்க என்ன சோத்துக்கு இல்லாதவங்களா?” என்று சில வீடுகளில் பிள்ளையைத் தடுப்பதாகத் தெரிகிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எல்லாரும் சேர்ந்து சாப்பிடும்போதுதான், நிஜமாகவே பசியோடு வரும் பிள்ளை கூச்சமில்லாமல் தட்டை நீட்டும். பள்ளியில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையையும் குடற்புழு மாத்திரையையும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பாதீர்கள்.

அங்கன்வாடி முட்டைக்கும் சத்துமாவுக்கும் மட்டும் இருக்கும் இடம் இல்லை. இரண்டு வயது முடிந்த பிள்ளையைத் தினமும் அனுப்புங்கள். பாட்டும் கதையும் வரிசையில் நிற்பதும் அங்கேதான் பழகும். நடவு நாட்களில் கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நான்காம் ஐந்தாம் வகுப்புப் பெண்களை வீட்டில் நிறுத்துவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. உங்களுக்கு வேறு வழி இல்லை என்பதும் தெரியும். இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை விட்டுச் செல்ல நம் ஊரில் இடமே இல்லை. 2005ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்திலேயே, வேலை நடக்கும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேர் இருந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைத்துக் கூலி கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அது போன்ற ஓர் ஏற்பாட்டை நடவுக் காலத்துக்கு நம் ஊரிலும் கேட்க வேண்டும். ஆகஸ்ட் 15 கிராம சபையில் மனு கொடுக்கப் போகிறேன். நீங்களும் வந்து பேசினால்தான் அதற்கு வலு.

வசதியுள்ள பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். “அந்தப் பிள்ளையோட சேராதே” என்று வீட்டில் சொல்லாதீர்கள். பிள்ளைகள் அதை அப்படியே வகுப்பில் வந்து சொல்கிறார்கள், கேட்ட பிள்ளை அன்று முழுக்க வாய் திறப்பதில்லை. ஆறு வயதுக்கு டியூஷனும் தேவையில்லை. அந்த நேரத்துக்கு விளையாட விடுங்கள்.

ஒன்றாம் வகுப்புப் பெற்றோர் கூட்டம் ஜூலை முதல் வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு. தவணை வசூல் புதன்கிழமை என்பதால் அந்த நாளைத் தவிர்த்திருக்கிறோம். அப்பா ஊரில் இல்லாத வீடுகளிலிருந்து அப்பாயியோ அம்மாச்சியோ வந்தாலும் போதும். சின்னப் பிள்ளைகளையும் தூக்கி வாருங்கள், அங்கன்வாடிப் பணியாளர் உடன் இருந்து பார்த்துக்கொள்வார். இந்தக் கடிதத்தோடு உள்ள சீட்டில் வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியும் எழுதி, புதன்கிழமைக்குள் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். எழுத இயலாதவர்கள் காலையில் பள்ளிக்கு வந்தால் நாங்களே எழுதிக்கொள்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்